வராண்டாவில் ஒரு நாற்காலி

கீரனூரில் ஏறிய இரண்டு நர்சிங் மாணவிகள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நம்ம பழைய ஸ்கூல் எச்.எம். மேடம் இன்னும் வராண்டாவுலதான் உக்காந்திருக்காங்களாம்டி."

"இந்த வெயில்லயா? நம்ம பாட்டு கிளாஸுக்கு எடமில்லைன்னுதானே அவங்க ரூமைக் குடுத்தாங்க?"

"ஆமா. பாட்டு டீச்சர் ரிட்டயர்டாகி, மக வீட்டுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. வேற ஆளே போடலை. ஆனா புது டீச்சர் வந்தா ரூம் வேணும்னு, மேடம் நாற்காலியை உள்ள போட மாட்டேங்குறாங்களாம்."

"ஆர்மோனியப் பெட்டி?"

"உள்ளதான் இருக்கு. தினம் தொடைச்சு வைக்கிறாங்களாம்."

பஸ் குளத்தைத் தாண்டியது.

"சனிக்கிழமை போயிப் பாடிட்டு வருவோமாடி?"

"பெட்டி வாசிக்க டீச்சர் இல்லையே."

"இல்லாட்டி என்ன? நாம உள்ள பாடினா, மேடம் வெளிய உக்காந்து கேப்பாங்கள்ல."