மிஷின் ஓடாத நாள்

— இல்லன்னா இல்லதான். சாமி நாள்ல மிஷின் ஓடாது. போய்ச் சொல்லிடு.

— மெதுவாப் பேசு அண்ணா. பக்கத்து ரூம்லதான் கம்பெனிக்காரர் டீ குடிச்சிக்கிட்டிருக்கார். மூணு வருஷத்துக்கு டப்பா மூடி ஆர்டர். வாரத்துல ஒரு நாள் மூடி அடிக்கிற பிரஸ்ஸை நிறுத்தறதை மட்டும் விடுங்கன்னு கேட்கிறார்.

— அது ஒண்ணைத்தான் தர முடியாது.

— எதிர்ப் பட்டறைக்காரன் ஒரு நாள் விடாம ஓட்டுறான். புதுசா ரெண்டு பிரஸ் இறக்கிட்டான். நாம என்னடான்னா அப்பா வாங்கினதையே துடைச்சித் துடைச்சி வச்சிருக்கோம்.

— இந்தா பாரு, அவன்கிட்ட ஆளுங்க ஒரு வருஷம் நிக்கிறதில்ல. அவன் மூடியில பாதிக்கு விளிம்பு கோணல். இல்லாட்டி இந்த மனுஷன் ஏன் நம்ம பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருக்காரு?

— உட்கார்ந்தவர் எழுந்து போயிடுவார், அதான் எனக்குப் பயம். இந்த ஆர்டர் போச்சுன்னா நாலு பேரை வீட்டுக்கு அனுப்பணும். யாரை அனுப்பறது, நீயே சொல்லு.

— சாமி விஷயம் தங்கச்சி. என்னால முடியாது.

— சாமியா? என் வாயைக் கிளறாதே. பிரார்த்தனைக் கூடத்துல உன் பக்கத்துலதான் உட்கார்றேன். எல்லாரும் பாடும்போது உன் உதடு அசையறதே இல்ல.

— எனக்குப் பாட்டு வராது.

— நீ கும்பிடறதை விட்டு ரொம்ப நாளாச்சு. இல்லைன்னு சொல்லு பாப்போம்.

— ஆமா. விட்டுட்டேன்.

— அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?

— மாப்பிள்ளை கையைப் பாத்தியா?

— நான் கட்டின புருஷன் கையை நான் பாக்காமலா? துண்டான விரலை ஐஸ்ல வச்சி எடுத்துக்கிட்டு ஓடினவ நான். அதை ஏன் இப்ப இழுக்குற?

— லீவே இல்லாம ஓட்டினோமே, அப்ப நடந்தது அது. கண்ணு சொருகச் சொருக நின்னான். இன்னைக்கும் அதே பிரஸ்லதான் நிக்கிறான். அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்காரன்கிட்டயும் கெஞ்சினேன். ஆளுங்களுக்கு அசதியா இருக்கு, ஒரு நாள் விடுங்கன்னு. ஒருத்தன் வேற ஆள் போடுன்னான். ஒருத்தன் அப்ப விலையைக் குறைன்னான். ஒரு நாள் வாய் தவறி, அன்னைக்கு சாமி நாள் சார்ன்னுட்டேன். அந்தாளு மறு பேச்சு பேசாம சரின்னுட்டான்.

— அண்ணா...

— அசதின்னா பேரம் பேசறாங்க. சாமின்னா பேச மாட்டேங்கிறாங்க. அன்னைலேருந்துதான் நம்ம ஆளுங்க ஓய்வெடுக்குறாங்க, மூடியும் ஒழுங்கா வருது.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— வெளியில தெரிஞ்சா அது சாமி நாளா இருக்காது, வெறும் லீவு ஆயிடும். இவரும் கொஞ்ச நேரம் முறுக்குவாரு, அப்புறம் இறங்கி வருவாரு. நம்மளைத் தாண்டி இது போகக்கூடாது, அவ்வளவுதான். ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?

— டீ குடுக்கப் போனப்ப, ஆர்டரை எதிர்ப் பட்டறைக்கே குடுத்துடறேன்னார்.

— என்ன சொன்னே?

— எங்க அண்ணனுக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது சார், கொஞ்சம் அழுத்திக் கேளுங்க, ஒத்துக்குவாருன்னு சொல்லிட்டேன்.