பசிக்கவில்லை என்றவருக்கு நான் அனுப்பிய பதில்

எனக்கு முன்னால் பேசிய ஐவரையும் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டு முடித்த பொறுமைக்குரிய தலைவர் அவர்களே! நான் தேர்வில் கோட்டை விட்ட கேள்விகளை இருபத்தைந்து ஆண்டுகளாகியும் மறக்காத கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த மருத்துவர்களே! முதுகுவலியோடும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! பெற்ற பிள்ளை பட்டம் வாங்குவதைப் படம் பிடிக்கக் கைப்பேசியைக் கையிலேந்திக் காத்திருக்கும் தாய்மார்களே! நாளை முதல் ஊரார் தட்டையெல்லாம் எட்டிப் பார்க்கப்போகும் என் இளைய உணவியல் நிபுணர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

கடைசி வரிசையிலிருந்து ஓர் அண்ணன் குரல் கொடுக்கிறார். என்ன அண்ணே? "மேடம், எனக்கும் ஒரு பத்து கிலோ குறைச்சு விடுங்க!" என்கிறார். பக்கத்தில் அண்ணி சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால், அவர் உங்களிடம் இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் உங்களைச் சிரிக்க விடப்போவதில்லை.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, ஆயிரம் உடல்களை மாற்றியவர் என்றார். அழைப்பிதழில் என் தலைப்பு 'உணவியல் துறையில் உயர்வது எப்படி?' என்று இருக்கிறது. உயர்ந்த கதையைச் சொல்கிறேன். உயர்ந்த இடத்திலிருந்து எதைப் பார்க்கத் தவறினேன் என்பதையும் சொல்கிறேன். இதை எந்த மேடையிலும் நான் இதுவரை சொன்னதில்லை.

பதினோரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். சமையற்கூடத்துக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை. மேசையைப் போட்டால் நாற்காலிக்கு இடமில்லை, நாற்காலியைப் போட்டால் கதவு திறக்காது. மருத்துவர்கள் வார்டு சுற்றி வரும்போது வரிசையில் கடைசியாக நிற்பவள் நான். உப்பைக் குறைக்கச் சொல்பவள், ஆசையாய்க் கேட்பதை வேண்டாம் என்பவள். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்வார்கள், லிஃப்ட் இயக்குபவருக்கும் சொல்வார்கள், எனக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த அறையில் ஒரு படிவம் இருந்தது. அதன் முதல் கேள்வி: "கடந்த ஆறு மாதத்தில், நீங்கள் முயலாமலே எடை குறைந்ததா?" பேரைக் கேட்பதற்கு அடுத்து அதைத்தான் கேட்பேன். பதினோரு ஆண்டும் ஒருவரையும் விடாமல் கேட்டேன். முயன்று குறைந்தால் மகிழ்ச்சி, முயலாமல் குறைந்தால் முதலில் மருத்துவர். இது எங்கள் தொழிலில் பாலபாடம்.

பிறகு வேலையை விட்டேன். ஆரோக்கியப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை மாட்டினேன். சாப்பாட்டு மேசையே அலுவலகம். பத்துப் பேர் வந்தார்கள், முப்பதானார்கள், மூன்றே ஆண்டில் முந்நூறு ஆனார்கள். ஞாயிறு காலை எடைப்பொறியின் படம், தினமும் மூன்று வேளை தட்டின் படம். எல்லாம் என் கைப்பேசிக்கு வந்து குவியும். முந்நூறு பேருக்கு மூன்று வேளை பதில் சொல்ல முடியுமா? யாரால் முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். தயார் பதில்கள். இருபது பதில்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் கைப்பேசியில் சேமித்துவிட்டேன். எண்ணை அழுத்தினால் போதும், அன்பும் அக்கறையும் ஒழுக ஒரு பத்தி போய் விழும். என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ பேசறியா, இல்ல உன் கட்டை விரல் பேசுதா?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் டெய்லரக்கா. எங்கள் குழுவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு பல் மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே இரண்டு தையல் இயந்திரம், ஒரு முழுநீளக் கண்ணாடி, இவ்வளவுதான் கடை. அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். எண்பத்தாறு கிலோ, முழங்கால் வலி. "மேடம், தேன்ல என்ன தப்பு? பூவுலேருந்துதானே வருது?" என்று என்னோடு மல்லுக்கு நிற்பார். முதல் நான்கு மாதத்தில் நடந்தார், சர்க்கரையை விட்டார், ஆறு கிலோ குறைத்தார். அது அவர் உழைப்பு.

ஐந்தாம் மாதம் ஒரு செய்தி அனுப்பினார். "மேடம், இப்பல்லாம் எனக்குப் பசிக்கவே மாட்டேங்குது."

அவையோரே! அதற்கு நான் என்ன செய்தேன்? ஏழாம் எண்ணை அழுத்தினேன். ஏழாம் எண் பதில் இது: "அற்புதம்! உங்கள் பசியை நீங்கள் வென்றுவிட்டீர்கள்! தொடருங்கள், வெற்றி உங்களுக்கே!" அதோடு கைதட்டும் படம் மூன்று.

இரண்டு வாரம் கழித்து எழுதினார்: "பாதி தட்டுதான் சாப்பிடறேன், அதுக்குள்ள வயிறு ரொம்பிடுது." மறுபடியும் ஏழு.

அடுத்த மாதம் எழுதினார்: "உக்காந்து தைக்கறதுக்கே அசதியா இருக்கு மேடம்." பன்னிரண்டை அழுத்தினேன். "உடல் மாறும்போது சோர்வு இயல்பு. நிறையத் தண்ணீர் குடியுங்கள்!"

எடை இறங்கியது. வாரம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. ஞாயிறுதோறும் படம் வரும். ஞாயிறுதோறும் நான் பூரிப்பேன். யாருக்காகப் பூரித்தேன்? அவருக்காகவா? என் பெயர்ப்பலகைக்காக!

என் நிறுவனத்தின் ஆண்டுவிழா வந்தது. இதே போல் ஒரு மண்டபம், இதே போல் ஒரு மேடை. டெய்லரக்காவை மேலே அழைத்து, அவருடைய பழைய சட்டையைக் கையில் கொடுத்து நிறுத்தினேன். அதற்குள் இன்னொருவர் நுழையலாம், அவ்வளவு தொளதொளவென்று இருந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் அதை எலும்பாகப் பார்க்கவில்லை, எடுப்பான முகமாகப் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்து, கூச்சத்தோடு சொன்னார்: "மேடம், நான் ஒண்ணும் பெருசா பண்ணலை. தானா குறையுது."

தானாகக் குறைகிறது! பதினோரு ஆண்டுகள் எந்தக் கேள்வியைப் படுக்கை படுக்கையாகக் கேட்டேனோ, அதற்கான பதிலை ஒருவர் கேட்காமலே என் காதில் வந்து சொல்கிறார். நான் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னேன்: "பார்த்தீர்களா இவருடைய தன்னடக்கத்தை!" அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இல்லை, வேண்டாம். இங்கே யாரோ தட்டப் பார்த்தீர்கள். தயவுசெய்து இதற்குத் தட்டாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் கணவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவ ஆஸ்பத்திரில இருக்கா மேடம். வயித்துல கட்டியாம்." ஓடினேன். நான் வேலை பார்த்த அதே மருத்துவமனை. என்னோடு வார்டு சுற்றிய மருத்துவர்தான் அவரைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க கேக்கலையா?" என்று மட்டும் கேட்டார். என் அறையில் இருந்த அந்தப் படிவத்தை, எனக்குப் பின் வேலைக்கு வந்த பெண் டெய்லரக்காவின் கட்டிலருகே நின்று நிரப்பிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வாரம் இருந்தார். பிறகு போய்விட்டார். எல்லாம் முடிந்த பின், அவர் கணவர் என்னிடம் அந்தக் கைப்பேசியைக் காட்டினார். குறை சொல்லக் காட்டவில்லை. நன்றி சொல்லக் காட்டினார். "உங்க மெசேஜ் வந்தா அவளுக்கு அவ்ளோ சந்தோஷம் மேடம். டாக்டர்கிட்ட போலாம்டின்னு நான் கூப்பிட்டப்பல்லாம் இதைத்தான் எடுத்து நீட்டுவா. 'மேடமே நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க, உங்களுக்கென்ன தெரியும்'பா."

வாங்கிப் பார்த்தேன். ஏழு, ஏழு, பன்னிரண்டு, ஏழு. மருத்துவரிடம் போகும் வழியை மறித்துக்கொண்டு என் கைதட்டல்கள் நின்றன.

நோய் எப்படியும் வந்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது, எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. பசிக்கவில்லை என்றார், கேட்கவில்லை. வயிறு நிறைகிறது என்றார், கேட்கவில்லை. அசதி என்றார், கேட்கவில்லை. காதோடு காதாகச் சொன்னார், அப்போதும் கேட்கவில்லை! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பழைய சட்டையோடு நிற்கும் அந்த விளம்பரப் படத்தை, அவர் போன பிறகும் நான்கு மாதம் நான் எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் புது ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

இளைய நிபுணர்களே! உயருங்கள், நான் தடுக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியேயும் இந்தத் தொழிலுக்கு மதிப்பு உண்டு, மரியாதை உண்டு. பலகை மாட்டுங்கள், பல பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் காது எத்தனை பேரைக் கேட்குமோ, அத்தனை பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை குறைந்தது என்று யார் சொன்னாலும், வாழ்த்துவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். நான் இப்போது நாற்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தயார் பதில் ஒன்றும் என்னிடம் இல்லை. அதனால் டெய்லரக்கா திரும்பி வந்துவிடப்போகிறாரா? வரமாட்டார்.

தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். இந்த அரங்கில் யாருக்காவது முயலாமலே எடை குறைகிறதா? வெட்கப்பட வேண்டாம், கையைத் தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா? நல்லது, மிகவும் நல்லது...

பொறுங்கள். நான்காவது வரிசையில் ஓர் அம்மா. பக்கத்தில் இருக்கும் மகள் கையைப் பிடித்து இறக்குகிறாள். விடும்மா, அவங்க தூக்கட்டும். என்னம்மா சொல்றீங்க? "மூணு மாசமாவேம்மா. எல்லாரும் நல்லா இளைச்சிருக்கேன்னு சொன்னாங்க, அதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

தலைவர் அவர்களே, எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்கிறீர்கள், கடைசியில் ஏதோ விருது இருப்பதாகவும் சொல்கிறீர்கள். மன்னியுங்கள், நான் இறங்குகிறேன். முன்வரிசை மருத்துவர் ஐயா, நீங்களும் கொஞ்சம் என்னோடு வாருங்கள். அம்மா, நீங்க எழுந்திருக்க வேண்டாம், நானே அங்க வரேன். பேச அழைத்த கல்லூரிக்கும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.