கரையில் ஐந்து பலகை

நான் நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவரை அவசரப்படுத்த வேண்டாம். ஒன்பது ஆண்டுகள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எழுதியவன் நான். பேசுகிறவர்கள் வேகமாகப் பேசினால் எழுதுகிறவனின் கை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

பெயர் தட்சணாமூர்த்தி. வயது ஐம்பத்திரண்டு. மனைவி ஞானாம்பாள் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் மதகு பார்க்கும் வேலை. பள்ளத்தெரு முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். முன்னாள் செயலாளர் என்று திருத்தச் சொல்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

பள்ளத்தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். ஒரு பக்கம் உப்புப் பாத்திகள், மறுபக்கம் ரோட்டு மேடு. நடுவில் குழியில் நாங்கள். எல்லோரும் அளத்தில் வேலை செய்கிறவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான் ஒருவன்தான். அறுபத்தொன்பதில் சங்கம் தொடங்கியபோது மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் நிலம். உப்பளப் புறம்போக்கு என்று பதிவில் இருந்ததைக் குடியிருப்பு என்று மாற்ற ஐந்து ஆண்டுகள் எழுதினேன். பிறகு குடிநீர்க் குழாய். பிறகு சங்கக் கட்டடம். எங்கள் தெருவில் ஓலை வேயாத கட்டடம் அது ஒன்றுதான். மழை நாட்களில் பெண்களும் குழந்தைகளும் அங்கே போய் உட்காருவார்கள். கடைசியாக வடிகால்.

வடிகாலின் வரைபடம் நான் போட்டது. தெருத் தண்ணீர் நேர்கோட்டில் போய் உப்பள வாய்க்காலில் விழ வேண்டும், அங்கிருந்து என் மதகு வழியாகக் கழுவெளி உப்பங்கழிக்குப் போக வேண்டும். வளைந்தால் மண் தேங்கும். தெருவின் மேல்பாதியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்டினார்கள். அந்தக் கோட்டில் பாவாடையின் வீடு இருந்தது. அவர் உப்பு வாருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு பகல் முழுவதும் என் வாசலில் உட்கார்ந்திருந்தார். கோட்டை ஒரு கஜம் தள்ளினால் போதும் என்றார். ஒருவருக்கு வளைத்தால் எல்லோருக்கும் வளைக்க வேண்டும் என்றேன். அவரே வீட்டைப் பிரித்து, நான்கு வீடு தள்ளிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகும் என்னோடு பேசினார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

மதகைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

மதகில் ஐந்து பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, தார் பூசியவை. உப்புக் காலத்தில் ஐந்தும் உள்ளே இருக்கும். சிறு மழை பெய்தால் மேல்பலகையை மட்டும் எடுப்போம். மழைத் தண்ணீர் இலேசானது, உப்புத் தண்ணீரின் மேலே நிற்கும். மேலே நிற்பது வழிந்து போய்விடும், கீழே உள்ளது தங்கும். பெரிய மழை என்றால் ஐந்தையும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பலகைகளைக் கரையில் வரிசையாகப் போட வேண்டும். அது எனக்கு முன்பே இருந்த வழக்கம். பள்ளத்தெருவிலிருந்து பார்த்தால் கரை தெரியும். ஜனங்கள் பலகைகளை எண்ணுவார்கள். பெரிய மழையில் கழுவெளி ஏறி நின்று எல்லாவற்றையும் எடுக்க முடியாமல், ஐந்துக்குக் குறைவாக இருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்து கிடந்தால் போக மாட்டார்கள். பதினாறு ஆண்டுகளில் இது ஒரு முறைகூடத் தவறியதில்லை.

இந்த ஆண்டு புரட்டாசியில், கடைசி ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். பலராமன் எழுந்தான். அளத்தில் எடை போடுகிற பையன், இருபத்தெட்டு வயது. மனுவை எப்படித் தொடங்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவன் கையெழுத்துகூட என்னுடையதைப் போலவே இருக்கும்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க. இந்த ஒரு தபா செயலாளர் பதவியிலேர்ந்து நீங்க ஒதுங்கி இருங்க. நான் கையெழுத்துப் போட்டுக்குறேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"சொல்றேன். மொதல்ல இதுக்குக் கை தூக்கட்டும்."

முதலில் கை தூக்கியவர் பாவாடை. பிறகு எல்லோரும். வீட்டுக்கு ஒரு கை என்பது கணக்கு, என்னுடையது போக முப்பத்தொன்று. அதில் ஒரு கைகூடக் கீழே இல்லை. பலராமன் இரண்டாவது தீர்மானத்தைப் படிக்கப் புத்தகத்தைத் திருப்பினான். நான் எழுந்தேன். பேனா என்னுடையது, அதையும் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

"ஏம்பா தட்சணா, உக்காந்து முழுசும் கேட்டுட்டுப் போயேன்" என்று பாவாடை பின்னால் சொன்னார். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

மறுநாள் காலை சர்வேயர் வந்திருந்தார். வடிகாலின் கீழ்பாதிக்கு முளைக்குச்சி அடித்தார்கள். தலையில் சிவப்புச் சாயம் அடித்த குச்சிகள். என் வரைபடத்தில் கோடு என் வீட்டுக்குப் பின்னால் போகும். சர்வேயரின் சங்கிலியில் அது என் சமையலறைக்குள் போனது. கடைசிக் குச்சியை அடுப்புக்கு ஒரு அடி தள்ளி, சுவரை ஒட்டி அடித்தார்கள். பலராமன் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் "அண்ணே" என்று கிட்டே வந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று கையெழுத்தைப் பிடுங்கினார்கள், இன்று வீட்டைப் பிடுங்குகிறார்கள். பாவாடை இரண்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் ஒரு தெருவைச் சுமந்தவனை அப்புறப்படுத்த அவர்களுக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் போதுமானதாக இருந்தது.

அன்று முதல் தெருவில் யாரோடும் பேசவில்லை. கோபத்தில் கத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. வேலைக்குப் போவேன், வருவேன், கதவைச் சாத்திக்கொள்வேன். பலராமன் பெண்சாதி மங்கம்மா மூன்று தடவை வந்தாள். முதல் தடவை கதவைத் தட்டிவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை தீபாவளிக்கு வந்து, வாசலில் அதிரசம் வைத்துவிட்டுப் போனாள். அதைக் காக்கைக்குப் போட்டேன். மூன்றாவது தடவை வெகுநேரம் நின்றாள். இரண்டு பெண் குழந்தைகளும் கூட இருந்தன. சின்னது ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தது.

"மாமா, உள்ள இருக்கிறது தெரியுது. கதவத் தொறக்க வேணாம், காதுல மட்டும் வாங்கிக்குங்க. உங்க வூட்டு விசயந்தான்."

நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மதகுக்குப் போனேன். கழுவெளி ஏறியிருந்தாலும் மதகைவிட ஒரு முழம் கீழேதான் இருந்தது. ஐந்தையும் எடுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கும். இதை யாரும் என்னிடமிருந்து வரவழைக்கத் தேவையில்லை. நானே சொல்கிறேன்.

மேல்பலகையை மட்டும் எடுத்தேன். தண்ணீர் வழிந்து ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும். எடுத்ததைக் கரையில் போட்டேன். மதகுக் கொட்டகையில் சென்ற ஆண்டு கழித்த பழைய பலகைகள் கிடந்தன. அவற்றில் நான்கைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தேன். பூச்சி அரித்தவை. மழையில் எல்லாத் தாரும் ஒரே கறுப்புதான். வழக்கமான இடைவெளி விட்டு, வரிசையாக வைத்தேன்.

எட்டு மணிக்குப் பாவாடை வந்தார், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அஞ்சும் எடுத்தாச்சா, தட்சணா?"

"எடுத்தாச்சு."

இரண்டு மாதத்தில் அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ ஸ்கூலுக்குப் போவ வேணாம். பொம்பளைங்க பாயைச் சுருட்டிக்கினு நிக்கிறாங்க, சொல்லிடறேன். நீ இருக்கும்போது எண்ணிப் பார்க்கவே வேணாம். கண்ணு பழகிப் போச்சு, அது பாட்டுக்கு எண்ணுது." கொஞ்சம் போய்த் திரும்பி நின்றார். "சாயந்தரம் பலராமன் வந்துடுவான். திண்டிவனம் போயிருக்கான். அப்புறமாவது மூஞ்ச தூக்கி வெச்சிக்காம இருப்பா."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

முதலாளி உப்புத் தண்ணீரைக் காப்பாற்றச் சொன்னாரா என்று கேட்டீர்கள். இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. தெருவில் ஒரு முழம் தண்ணீர் ஏறினால் போதும் என்று நினைத்தேன். அடுப்பு நனைந்தால் தங்களை இத்தனை நாள் யார் நனையாமல் வைத்திருந்தார்கள் என்று நினைத்துப் பார்ப்பார்கள். இதுதான் என் எண்ணம் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. ஒன்பது மணிக்குள் ஒரு முழம் ஏறிவிட்டது. நான் மதகிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் பாத்திக் கரை பள்ளத்தெருப் பக்கமாகக் கசியத் தொடங்கியது. அது உடைந்தால் தண்ணீர் மெல்ல ஏறாது, ஒரேயடியாக விழும். இது மதகுக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது. அப்போதும் ஒரு மணி நேரம் இருந்தது. நான்கு பலகையை எடுக்கக் கால் மணி நேரம் போதும்.

பதினோரு மணிக்குக் கரை உடைந்தது.

குழந்தைகள் சங்கக் கட்டடத்தில் இருந்தது தெரியாது என்று சொல்லலாம். தெரியும். மழை நாளில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தக் கட்டடத்தைக் கட்ட வைத்ததே நான். அதன் கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே ஏறிய தண்ணீர் அதைத் தள்ளி நின்றால் திறக்க முடியாது. அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான், வாசல் நடையில் இடம் அடைக்கக் கூடாது என்று. ஏழு பேர். மங்கம்மா, அவளுடைய இரண்டு பெண்கள், இன்னும் மூன்று பேர். பாவாடை வெளியே இருந்தவர். கதவை உடைக்கப் போய்ச் சிக்கிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் உங்கள் ஆட்கள் மதகுக்கு வந்தார்கள். கரையில் ஐந்து பலகை, மதகில் நான்கு. ஒரு மதகுக்கு ஐந்துதான். பழைய நான்கை ஒளித்துவைக்க எனக்கு நேரம் இருந்தது. தோன்றவில்லை.

நேற்று நீங்கள் தீர்மானப் புத்தகத்தைக் காட்டினீர்கள். பலராமன் எழுதிய பக்கம். ஓரத்தில் சரியாக இடம் விட்டிருக்கிறான். இரண்டாவது தீர்மானம்: வடிகால் கோடு தட்சணாமூர்த்தி அவர்களின் வீட்டில் போவதாகத் தெரிவதால் அதை வளைத்து எடுக்க மனு கொடுப்பது. முன்மொழிந்தவர் பாவாடை. வீட்டுக்காரரே செயலாளராகக் கையெழுத்துப் போட்டால் மனு செல்லாது என்று அதிகாரி சொன்னதால், உத்தரவு வரும்வரை பலராமன் கையெழுத்திடுவது. வந்ததும் தட்சணாமூர்த்தி அவர்களே மீண்டும் செயலாளர். ஏகமனதாக.

உத்தரவையும் காட்டினீர்கள். அன்று பலராமன் திண்டிவனத்திலிருந்து வாங்கி வந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்ததால் நனையவில்லை. என் சுவரிலிருந்து மூன்று கஜம் தள்ளிக் கோடு வளைந்து போகிறது. வளைவில் மண் தேங்கும். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரவெல்லாம் அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வீடுகள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஐந்து பலகையையும் எடுத்திருப்பேன். மங்கம்மாவும் குழந்தைகளும் இன்று இருந்திருப்பார்கள்.

நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் ஒருவர்கூட என் வாசலுக்கு வந்து அதை எனக்குச் சொல்லவில்லை.