தூணில் கீறிய கோடு

— கயிற்றை விடுங்கோ அண்ணை. நான் மணி அடிக்கப் போறன்.

— விடமாட்டன். மாகிரட், இந்தக் கோயிலுக்கு மூப்பர் நீயோ, நானோ?

— மூப்பர் நீங்கள்தான், றொபேட் அண்ணை. ஆனால் அந்த வில்லுப் பள்ளத்துக்குள்ளை கைக்குழந்தையோடை இருக்கிறது என்ர மகள்.

— எனக்கும் அவள் மருமகள்தான். அந்த வீட்டைக் கட்டின மேசனும் நான்தான். அஞ்சலினாவுக்கு ஒண்டும் நடக்காது, விளங்கிச்சோ?

— மூண்டு நாளா ஓயாமல் பெய்யுது. ஆறு கரை மீறீற்றுது எண்டு வயல்கார முத்தலிப் உழவு மெசினை நிற்பாட்டிச் சொல்லீற்றுப் போறார்.

— மூண்டு வருசம் ஒரு துளி இல்லாமல் கிடந்தம், பிள்ளை. மாடுகள் தண்ணிக்கு அலைஞ்சு செத்துது. அந்தோனியாரைத் தோளிலை தூக்கிக்கொண்டு மழைக்கு மன்றாடி ஊரெல்லாம் சுத்தினம். இப்ப அவர் தந்த மழைக்கே ஆபத்து மணி அடிக்கிறதோ? மனுசர் என்ன நினைப்பினம்? அவர்தான் என்ன நினைப்பார்?

— அந்த மூண்டு வருசம்தான் எங்கட கண்ணைக் கட்டினது. வில்லு எண்டால் என்ன அண்ணை? ஆறு பெருகினால் தண்ணி வந்து கிடக்கிற பள்ளம். அது வெடிச்சுக் கிடக்கேக்கை பெடியள் கிரிக்கெட் விளையாடினாங்கள். பிறகு ஆளுக்கு இருபது பேர்ச் காணி எண்டு பிரிச்சம். பதினாலு வீடு எழும்பிச்சு.

— காணியில்லாத சனம் வேறை எங்கை போறது? அதுகள் என்னட்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்டதுகள். “மூப்பர், பெரிய வெள்ளத்திலை தண்ணி எவ்வளவு உயரம் வந்தது?” நான் வாயாலை ஒண்டும் அளக்கேல்லை. பதினாலு குடும்பத்தையும் இந்தக் கோயிலுக்குள்ளை கூட்டிவந்து, இந்தத் தூணிலை அப்பா கீறின கோட்டைக் காட்டினனான். அளவு நாடாவைப் பிடிச்சு அளந்தனான். ஒண்டரை அடி. என்ர முழங்கால் மட்டம். அதுக்கு மேலை இன்னும் ஒரு அடி கூட்டி, எல்லா வீட்டுக்கும் இரண்டரை அடி அத்திவாரம் போட்டனான். இதைவிட ஒரு மேசன் என்ன செய்ய ஏலும்?

— அஞ்சலினா இப்பதான் போன் கோல் எடுத்தவள். வாசலிலை நாலு படி. மூண்டு படி தண்ணிக்குள்ளையாம்.

— பயத்திலை கதைக்கிறாள். கோயில் வளவும் வில்லும் ஒரே மட்டம் எண்டு அப்பா சொல்லுவார். இஞ்சை பார், வாசலுக்குக்கூடத் தண்ணி வரேல்லை. அங்கை மட்டும் என்னெண்டு மூண்டு படி ஏறும்? வெளிக்கிட்டு வரச் சொல்லேல்லையோ நீ?

— சொன்னனான். “மாமா சொன்னால் வெளிக்கிடுறன் அம்மா” எண்டாள். பிறகு லைன் செத்துப் போச்சு. மற்ற வீடுகளும் அப்பிடித்தான். மூப்பர் மணி அடிக்கேல்லை, அப்ப பயமில்லை எண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருக்குதுகள். மணி கேட்டால் சனம் பாலத்தாலை பள்ளிக்கூட மாடிக்குப் போயிடும். பாலத்துக்கு மேலாலை தண்ணி பாயத் தொடங்கினால் பிறகு ஏலாது.

— போன வருசம் புயல் வருகுதெண்டு அடிச்சனான்தானே? சனம் பெட்டி படுக்கையோடை மாடிக்கு ஓடிச்சுது. விடிய வெய்யில் பல்லைக் காட்டிச்சு. கடைக்கார ஜெயகாந்தன் இண்டைக்கும் என்னைக் கண்டால் குடையை விரிக்கிறான். “றொபேட் மேசன் தான் கட்டின வீட்டைத் தானே நம்பமாட்டார்” எண்டு சந்தையிலை கதை. இன்னொருக்கா வீணா அடிச்சால், உண்மையா வெள்ளம் வாறண்டைக்கு ஒருத்தரும் காது குடுக்காதுகள்.

— அப்ப நான் அடிக்கிறன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

— நீ அடிச்சால் நீ அடிச்சதெண்டு ஊருக்கே விளங்கும். நான் அடிக்கிறது இரண்டு தரம், ஒரு மூச்சு, பிறகு இரண்டு தரம். நாற்பது வருசமா என்ர கை அதுகளின்ர காதிலை கிடக்குது. “மாகிரட் அக்கா பயந்திட்டா” எண்டு சனம் கதவைச் சாத்தும்.

— அம்மா சொல்லுற கதை ஞாபகம் கிடக்கோ அண்ணை? ஆற்றின்ர பாய்க் கதை.

— அது எப்பிடி மறக்கும்? நீ சோறு தின்னாமல் அழுற நேரமெல்லாம் அதைத்தானே சொன்னவா. ஆறு தூரப் பயணம் போச்சுதாம். போகேக்கை தன்ர பாயை வில்லிலை விரிச்சுப் போட்டு, கொக்கைக் காவலுக்கு வைச்சுதாம். நாள் செண்டுது. நரி வந்து பாயிலை படுத்துது.

— “இது ஆள் உள்ள பாய்” எண்டுது கொக்கு.

— “எங்கை ஆளைக் காணேல்லையே?” எண்டுது நரி. பெண்சாதி பிள்ளையளையும் கூட்டிவந்து படுக்க வைச்சுது. இப்ப நீ கொக்கு, நான் நரியோ?

— முடிவைச் சொல்லுங்கோ.

— ஆறு திரும்பி வந்தது.

— வந்து நரியோடை சண்டை பிடிச்சதோ?

— இல்லை. ஒரு கதையும் கதைக்கேல்லை. தன்ர பாயிலை வந்து படுத்தது.

— அவ்வளவுதான் அண்ணை. அவ்வளவுதான் நானும் சொல்லுறன்.

— ஓட்டிலை விழுற சத்தத்தைக் கேள், மாகிரட். பெரிய வெள்ளத்தண்டைக்கும் இப்பிடித்தான். நீ இரண்டு வயது, அம்மாவின்ர இடுப்பிலை. ஒரு கிழமை கூரையிலையும் புளியமரத்திலையும் இருந்தம். கொட்டியாரக் குடாவாலை தோணியிலை பாண் வந்தது. நனைஞ்ச பாண். அப்பிடி ஒரு ருசி நான் பிறகு ஒரு நாளும் காணேல்லை. அப்பா தன்ர பங்கைக் கடிக்கிற மாதிரிக் காட்டிப்போட்டு எனக்குத் தருவார்.

— அப்பாவின்ர முகம் எனக்கு உங்கட வாயாலைதான் தெரியும்.

— நல்ல மனுசன். தண்ணி வடிஞ்ச அண்டைக்கு என்னைத்தான் இஞ்சை கூட்டிவந்தவர். சேற்றுக் கறை தூணைச் சுற்றி வடிவா ஒரு வளையம் போட்டிருந்தது. “இதை ஊர் மறக்கக் கூடாது” எண்டு உளியை எடுத்தார். என்னைத் தூணோடை சாய்ச்சு நிற்பாட்டி, “கண்ணை மூடு மகனே, சுண்ணாம்பு விழும்” எண்டார். தட்டத் தட்ட வெள்ளைத் தூள் என்ர இமையிலை கொட்டிச்சுது. மூக்குக்குள்ளை போய்த் தும்மினனான். ஒரு கிழமைக்குப் பிறகு அப்பா சிரிச்சது அந்தத் தும்மலுக்குத்தான்.

— இமையிலையோ?

— ஓம். ஏன்?

— கோடு அப்ப உங்கட கண்ணுக்கு நேரை இருந்ததோ?

— கண்ணுக்கு நேரை. நெற்றியை உரசிக்கொண்டுதான் உளி போனது.

— எத்தனை வயது உங்களுக்கு?

— ஏழு.

— கயிற்றோடையே அந்தத் தூணடிக்குப் போங்கோ அண்ணை. இப்ப கோடு எங்கை கிடக்குது?

— முழங்காலிலை. அதுக்கென்ன? அறுபத்தைஞ்சு வருசம், நான் வளர்ந்திட்டன்.

— அஞ்சலினாவின்ர மூத்தவனுக்கும் ஏழு வயதுதான். போன ஞாயிறு பூசையிலை உங்களுக்குப் பக்கத்திலைதானே நிண்டவன். அவன்ர கண் உங்கட முழங்காலுக்கோ வந்தது?

— இல்லை. என்ர இடுப்புக்கு மேலை.

— அப்ப?

— கோடு கல்லிலை கிடக்குது. அது இறங்க ஏலாது.

— ஏன் நிலத்தைப் பார்க்கிறியள்?

— நிலம் ஏறீற்றுது, மாகிரட்.

— என்ன சொல்லுறியள்?

— அப்பா காலத்திலை இது சாணி மெழுகின மண் நிலம். என்ர கலியாணத்துக்கு முதல் வருசம் மணல் நிரப்பி நான்தான் சீமெந்து போட்டனான். முக்கால் அடி. பிறகு பழைய புயலிலை இடிஞ்ச சுவரையெல்லாம் உள்ளுக்கே போட்டு இறுக்கி, அதுக்கு மேலை ஒரு அடி. கோயிலின்ர யூபிலி விழாவுக்கு மாபிள் பதிச்சது கால் அடி. வளவுக்கும் கிறவல் மண் கொட்டி மட்டம் பார்த்தம். மூண்டு தரமும் சாந்துக் கரண்டி பிடிச்சது இந்தக் கைதான். அதுதான் இஞ்சை வாசலுக்குத் தண்ணி வரேல்லை. அஞ்சலினா பயத்திலை கதைக்கேல்லை.

— யேசுவே. அப்ப பெரிய வெள்ளம் எவ்வளவு?

— கோடு ஒண்டரை, ஏறின நிலம் இரண்டு. மூண்டரை அடி. நான் போட்ட அத்திவாரம் இரண்டரை. தண்ணி வீட்டுக்குள்ளை ஒரு அடி நிற்கும்.

— அஞ்சலினா பிள்ளையை நிலத்திலை, பாயிலை கிடத்தியிருப்பாள் அண்ணை! கயிற்றை விடுங்கோ!

— விடமாட்டன். நீ ஓடிப்போய்க் கதவு இரண்டையும் அகலத் திற, சத்தம் வில்லுமட்டும் போகட்டும். நான் கட்டின பதினாலு வீட்டையும் விட்டு ஓடுங்கோ எண்டு நான்தான் அடிக்கவேணும்.