எஞ்சினுக்குப் பூசிய பவுடர்

கப்பல்துறைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் கலியாணத்துக்கு உடுத்திய ஒரு கணவனும் மனைவியும்.

“பிள்ளையின்ர பவுடரை ஏனப்பா கார் எஞ்சினுக்குப் பூசினனீர்?” என்று கேட்டார் கணவர்.

“ஒயில் எங்கயிருந்து ஒழுகுதெண்டு பாக்கத்தான். பவுடரில தடம் தெரியும்தானே.”

“இது ரோட்டரி வகை எஞ்சினப்பா. இதுகளில பின்பக்க ஒயில் சீல்தான் ஒழுகும்.”

“அந்த சீலைத்தானே எஞ்சினை இறக்கி இறக்கி மாத்தினனீங்கள்? ஒயில் மேலயிருந்து வருது. பில்டருக்கு அடியில இருக்கிற றப்பர் வளையத்தால கசிஞ்சு, பின்பக்கமா வடியுது. அது ஒழுங்கா இருந்திருந்தா இண்டைக்குப் பட்டுச் சேலையோட பஸ்ஸில நெரிபடத் தேவையில்லை.”



“அப்ப எஞ்சினை இறக்காமலே மாத்தலாம்,” என்றார் கணவர், எதையோ பறிகொடுத்தவர் போல.

“ஓம். இனி ஞாயிற்றுக்கிழமையில என்னதான் செய்யப்போறீங்களோ!”