சும்மா ஓடுன விழா வீடியோ

ஆகஸ்ட் இருபத்தாறு, திங்கட்கிழமை. காலை பத்து மணி பதினேழு நிமிஷம். நம்ம ஆஸ்பத்திரி ரத்த வங்கி வாசல்ல நின்னவங்க ஒன்பது பேர்.

இந்தக் கூட்டத்துல தலைவர் இப்பத்தான் "சர்வர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்"னு பேசிட்டு உக்காந்தாரு. வாங்கலாம் சார், தாராளமா வாங்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை... உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்.

ஒன்பது பேர்ல முதல் ஆள் தேவசகாயம், லேத் பட்டறைக்காரர். மனைவி சகாயராணிக்கு மாடியில பிரசவ வார்டுல குழந்தை பிறந்துடுச்சு. ரத்தப்போக்கு மட்டும் நிக்கல. ரெண்டு யூனிட் உடனே வேணும்.

ரத்தம் இருக்கா? இருக்கு. பொருத்தம் பார்த்தாச்சா? பார்த்தாச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பையும் அவரு கண்ணுக்கே தெரியுது. அப்புறம் என்னங்க? ஸ்டிக்கர் வரல! சர்வர் நம்பர் குடுத்து, ஸ்டிக்கர் ஒட்டினாத்தான் நம்மகிட்ட பை நகரும். சட்டம்னா சட்டம்.

டெக்னீஷியன் அல்போன்சா அக்கா திரையைப் பார்க்குறாங்க. வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே."

"என் பொண்டாட்டிக்கு ரத்தம் ஸ்லோவா போகலியேம்மா!"

சர்வரைப் பார்த்துக்கிறவன் நான்தானே, அக்கா எனக்குப் போன் போட்டாங்க. "தம்பி, சர்வர் செத்துடுச்சா?"

சாகல. மும்முரமா உழைச்சிட்டிருக்கு! அதுக்குள்ள வேலை செய்யிற கை மாதிரி பதினாறு கோர். பதினாறும் நூத்துக்கு நூறு. அறுபத்து நாலு ஜி.பி. மெமரியில அறுபத்தொண்ணை ஒரே வேலை முழுங்கிட்டு உக்காந்திருக்கு. எந்த வேலை? ஆபரேஷனா? ஸ்கேனா? நம்ம ஆண்டு விழா வீடியோவைச் சின்னதாக்குற வேலைங்க! நாலு மணி நேர வீடியோ.

மக்கள் தொடர்பு மேனேஜர் வைத்தியலிங்கம் சார்... இதோ, முன்வரிசையில. போன் பண்ணேன்.

"சார், உங்க வீடியோவை நிறுத்தப்போறேன்."

"ஏன்ப்பா? அது பாட்டுக்குப் பின்னாடி சும்மாதானே ஓடுது?"

சும்மா! என்ன அருமையான வார்த்தை! சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா ஓடுது. பின்னாடி ஓடுதுன்னா திரையில தெரியாதுன்னு அர்த்தம் சார். சாப்பிடாதுன்னு அர்த்தமில்ல! பந்தியில உக்காராம சமையக்கட்டுலயே நின்னு தின்னவனுக்கு இலை விழலை. அதனால அவன் சாப்பிடவே இல்லையா?

"இன்னும் எட்டு சதவீதம்தான்ப்பா... டான்ஸ் வர்ற இடம்."

நிறுத்திட்டேன். பத்து முப்பத்தொண்ணுக்கு ஸ்டிக்கர் வந்துச்சு. அல்போன்சா அக்கா ரெண்டு பையையும் தூக்கிட்டு ஓடினாங்க. பதினாலு நிமிஷம் போயிருந்துச்சு. சகாயராணி பிழைச்சாங்க... மூணு நாள் ஐ.சி.யூ.ல கிடந்து பிழைச்சாங்க. அந்த மூணு நாளும் குழந்தையை அவங்க பார்க்கவே இல்ல.

வைத்தியலிங்கம் சாரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அவரு கேட்டாரு, அவ்ளோதான். அந்த வேலையை சர்வர்ல ஏத்தினது யாரு? நான். "உனக்கு ரெண்டு கோர், நாலு ஜி.பி., அதுக்கு மேல கிடையாது"ன்னு ரெண்டே வரி எழுதணும். ஒரு நிமிஷ வேலை. எழுதினேனா? "சும்மா ஓடட்டும்"னு நானும்தான் விட்டேன். படிச்சவன், சர்டிபிகேட் வச்சிருக்கிறவன்!

இப்ப சொல்லுங்க... புது சர்வர் வாங்கினா சரியாயிடுமா? முப்பத்திரண்டு கோர் வாங்குங்க, முப்பத்திரண்டையும் அதே வீடியோ தின்னும். அதுக்குப் போதும்னு தெரியாதுங்க. போதும்னு நாமதான் சொல்லணும். சொல்லாத இடத்துல, வாசல்ல நிக்கிறவங்க பங்குதான் பறிபோகும்.

நான் இனி செய்யப்போறது:

1. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள, பின்னாடி ஓடுற இருபத்து மூணு வேலைக்கும் கோர், மெமரி ரெண்டுலயும் எல்லை போடுவேன். யாரு சிபாரிசும் செல்லாது.

2. ரத்த வங்கிக்கு நாலு கோர், பதினாறு ஜி.பி. தனியா ஒதுக்குவேன். தலைவர் வீட்டுக் கல்யாண வீடியோவே வந்தாலும் தொட முடியாது.

3. முன்கூட்டியே நம்பர் அச்சடிச்ச ஸ்டிக்கர் கட்டு ஒண்ணு நாளைக்கே அல்போன்சா அக்கா மேஜைக்கு வரும். சர்வர் படுத்தாலும் பை நகரணும்.

4. வியாழக்கிழமை அந்தக் குழந்தைக்கு நம்ம ஆஸ்பத்திரியில தடுப்பூசி. தேவசகாயம் அண்ணனை நேர்ல பார்த்து, அந்தப் பதினாலு நிமிஷமும் என் தப்புன்னு சொல்வேன். அடிச்சா வாங்கிக்குவேன்.