இடுப்புச் சாவியும் இரும்பு எலும்பும்

மேடையிலேயே பெரிய நாற்காலியாகத் தேடிப் பிடித்து அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் குழுத் தலைவர் அவர்களே, மாலையைக் கழற்ற மனம் வராத குழுப் பெரியோர்களே, மூட்டுவலியோடு முன்வரிசையில் காத்துக் கிடக்கும் தாய்மார்களே, வணக்கம். நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன், அவசரமில்லை.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி நம் மருத்துவமனைக்கு வந்திருக்கிறது. ஊசியில்லை, கத்தியில்லை, ஒரு சொட்டு இரத்தமில்லை. படுத்தால் போதும், மெல்லிய கதிர் ஊர்ந்து, உள்ளுக்குள் உளுத்த எலும்பைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அது வந்தது எப்போது? போன வருடம். வந்த அன்றே அறையைப் பூட்டினார்கள். தலைவர் திறந்து வைக்க வேண்டுமாம்; தலைவருக்கு நேரமில்லையாம்.

என் அக்கா தையல்காரி. மணிக்கட்டு முறிந்து வந்தவளிடம் டாக்டர் சொன்னார்: "எலும்பு வலுவில்லாத மாதிரி தெரியுதும்மா. ஸ்கேன் பார்த்துட்டா மருந்து ஆரம்பிச்சுடலாம்." அந்தக் கதவுவரை போனாள். "தலைவர் திறந்தப்புறம் வாங்கம்மா" என்றார் காவலாளி. திரும்பி வந்தவள் அடுத்த மாதமே குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. இனி அவள் கால் தையல் இயந்திரத்தை மிதிக்குமா? யார் பதில் சொல்வது?

இன்று காலை ஒருவழியாகக் கதவு திறந்தது. முதல் ஆளாய்ப் படுத்தவர் யார்? நம் தலைவர்தான். டாக்டர் கெஞ்சினார்: "ஐயா, பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் கழட்டி வச்சிடுங்க. உலோகம் இருந்தா அளவு கூடிக் காட்டும்."

"சாவிய நான் யார்கிட்டயும் குடுக்கறதில்ல தம்பி."

படுத்தார், எழுந்தார், அறையை மறுபடி பூட்டினார். சற்றுமுன் இதே மைக்கில் முழங்கினார், கேட்டீர்களே: "என் முதுகெலும்பு இரும்பு! உழைக்கிற உடம்புக்கு ஸ்கேன் எதுக்கு? மாசத்துல ஒரு நாள் திறந்தாப் போதும்."

சிரிக்காதீர்கள் அம்மா, தலைவர் பார்க்கிறார்.

தலைவர் அவர்களே, இரும்பாய் இருந்தது உங்கள் எலும்பல்ல, உங்கள் வயிற்றின்மேல் கிடந்த சாவிக்கொத்து. ஸ்கேன் அறைச் சாவியும் அதில்தான் தொங்குகிறது. அதே சாவிதான் உங்களை இரும்பாக்கியது; அதே சாவிதான் என் அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. எனக்குக் கோபம்தான் ஐயா, மறைக்க மாட்டேன்.

அதோ, முன்வரிசையில் இருக்கிறாள். அவளுக்கு இன்னொரு பக்க இடுப்பாவது மிஞ்ச வேண்டாமா? இந்தத் தாய்மார்கள் விழுந்த பிறகுதான் கதவு திறக்குமா?

பின்வரிசையில் என்ன சத்தம்? சாவியை வாங்கச் சொல்கிறீர்களா? அதற்குத்தானே மேடையேறினேன்.

கழற்றுங்கள் ஐயா. நன்றி சொல்ல வந்தவன் நான். சாவி கைக்கு வந்ததும் சொல்கிறேன். அதுவரை, தாய்மார்களுக்கு மட்டும் வணக்கம்.